“இல்லே” என்றாள் மோகனா

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

உங்களில் ஒருத்தி என் மகள். “நைனா, நாங்க சேந்து ஒரு வாரம் ஆவுது, யாருக்கும் தலையும் புரியல காலும் புரியல. நீ அந்த ஆபீஸ்லயே கெடந்தவன்தானே, நாலு வார்த்த எழுதிக் குடு” என்று கேட்டாள். உட்கார்ந்தேன். நாலு வார்த்தையும் கோபமாகவே வருகிறது. நல்லபடியாக எழுதலாம் என்று கொஞ்ச நாள் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். தள்ளிப் போட்டதில் கோபம் கூடியதுதான் மிச்சம். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் பத்தாம் வகுப்பு. கல்வி அலுவலகத்தில் அட்டெண்டராகச் சேர்ந்து அட்டெண்டராகவே ரிட்டயர் ஆனேன். பெரும்பாலான காலம் சித்தூரில், ஜில்லா பிரிந்த பிறகு திருப்பதியில். தமிழும் தெலுங்கும் வாயில் வரும் என்பதால் சர்வேக்குப் போகிறவர்களோடு என்னையும் அனுப்புவார்கள். அட்டெண்டர் சர்வேக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள். ஆள் இல்லாத ஆபீஸில் எல்லாரும் எல்லா வேலைக்கும் போவார்கள்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை என்ன? திருப்பதி நகரத்து அரசுப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளில் வீடில்லாதவர்கள் எந்தப் பள்ளியில் எத்தனை பேர் என்று கண்டுபிடித்து மேப்பில் குறிப்பது. குறித்தால் அந்தப் பிள்ளைக்கு ஹாஸ்டலில் இடம் கொடுக்க வேண்டும் என்பது ஆர்டர். குறிக்காவிட்டால் அந்தப் பிள்ளை இல்லை. இவ்வளவுதான் வேலை. இதற்கு எல்லையோரத்துச் சத்தியவேடு, நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளாகப் பார்த்து ஏன் எடுத்தார்கள் என்று யோசித்தீர்களா? ஒரே ஒரு வார்த்தையால். அந்த வார்த்தையைச் சொல்லிய பெண்ணின் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம். இந்த வேலை அப்போதுதான் முதல்முதலாக வந்தது. ஆபீஸ் சுவரில் ஊரின் மேப்பை ஒட்டினார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வட்டம். வட்டத்துக்குள் எண் எழுத வேண்டும். முதல் ரவுண்டு முடிந்தபோது எல்லா வட்டத்திலும் சுழியம். பெரிய சார் அந்த மேப்புக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். “புண்ணிய ஸ்தலம்ப்பா இது. ஊர் உலகமே வந்து தங்குற ஊர்ல பிள்ளைங்களுக்குத் தங்க எடம் இல்லாம போயிருமா?” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

நானும் அந்த அறையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு நின்றேன். பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பிள்ளைகள் சுருண்டு கிடக்கிற ஊரில், எல்லா வட்டமும் சுழியம்.

ஒரு முனிசிபல் ஹைஸ்கூலில் இருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் போன் செய்தார். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். “உங்க ஆளு வந்து எங்க ஸ்கூல்ல சுழியம்னு எழுதிக்கிட்டுப் போயிருக்காரு. மறுபடி வரச் சொல்லுங்க. வராட்டி நான் வருவேன்” என்றார். அவர் வந்தால் சத்தம் பெரிதாக இருக்கும் என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். அதனால் சுரேந்திராவோடு என்னையும் அனுப்பினார்கள்.

சுரேந்திரா கடப்பைப் பக்கத்துப் பையன். தெலுங்கு மட்டும்தான். காண்டிராக்ட் வேலை, நல்ல உழைப்பாளி, கேட்கச் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் கேட்பான். அதுதான் பிரச்சினையாகப் போயிற்று என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

மேடம் எங்களைப் பத்தாம் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போனார். கடைசி பெஞ்சில் ஒரு பெண், துப்பட்டாவைத் தலையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோகனா. சத்தியவேட்டுப் பக்கத்துக் குடும்பம். வெளியே கூப்பிட்டார். துப்பட்டாவுக்குள் மொட்டைத் தலை. முடி முளைத்து ஊசிபோல நின்றது.

தமிழ்ப் பெண் என்றதும் நான்தான் பேச்சைத் தொடங்கினேன். “இன்னாம்மா, இந்த வயசுல மொட்ட? இன்னா வேண்டுதல்?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சாமிக்கு ஒண்ணும் வேண்டிக்கல சார். வாட்ச்மேனுக்குத்தான் மொட்ட.”

எனக்கு விளங்கவில்லை. மேடத்துக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்கம்மா மொட்ட அடிச்சவங்களுக்குத் தொப்பி விக்குது சார். நாங்க இருந்த ரூமுக்கு ஓனரு ஏசி போட்டுட்டாரு. ஏசி வந்துட்டா யாத்ரிகருக்குத்தானே குடுப்பாங்கோ, எங்களுக்கா குடுப்பாங்கோ? வெளிய வந்துட்டோம். யாத்ரிகருங்க தங்குற இலவச மண்டபம் இருக்குது இல்ல, அங்க படுத்துக்கறோம். முடியோட போனா வாட்ச்மேன் கண்டுபுடிச்சுடுவாரு. ‘ஏய், நீ தொப்பிக்காரி பொண்ணுதானே, எழுந்து போ’ன்னுவாரு. மொட்டத் தலையோட போனா யாத்ரிகரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு. முடி எறக்கறது இலவசம்தானே சார்.”

“வீட்ல எல்லாருமா?”

“வீடு ஏது சார்?” என்று சிரித்தாள். “மாத்தி மாத்தி. ஒருவாட்டி தங்கச்சி, ஒருவாட்டி நானு. புதுசா அடிச்ச மொட்டையா இருக்கணும். பழசாப் போச்சுன்னா செல்லாது.”

சினிமா டிக்கெட்டைப் பற்றிச் சொல்வதுபோல அந்தப் பெண் அதைச் சொன்னாள், பிள்ளைகளே. உங்களில் ஒருத்தியாக இருக்கிறாளே என் மகள். அவள் எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொள்ளும்போது கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். வாசலில் காத்து நின்று நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அந்த இடத்தில் அது ஞாபகம் வந்தது.

அப்பா எங்கே என்று கேட்டேன். “நைனா மாங்கா சீசன்ல பங்காருபாளையம் மண்டியில லோடு ஏத்துவாரு. சீசன் முடிஞ்சா எங்க இருப்பாருன்னு அவருக்கே தெரியாது சார்.”

சுரேந்திரா கையில் இருந்த போனைத் தடவித் தடவிப் பார்த்தான். “இந்தப் பொண்ணுக்கு நான் ‘வீடு’ன்னு போட்டிருக்கேன் சார்” என்றான் தெலுங்கில். “நான் கேட்டேன். இவங்கதான் வீடுன்னு சொன்னாங்க.”

“இன்னாண்ணா கேட்டே?” என்றாள் மோகனா.

“உண்டேதி இல்லேனா?” என்றான். தங்கியிருப்பது வீடுதானா என்பதற்குத் தெலுங்கில் அப்படித்தான் கேட்பார்கள்.

“நான் இன்னா சொன்னேன்?”

“இல்லே.”

மோகனாதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அண்ணா! நான் தமிழ்ல ‘இல்லே’ன்னேன்! இல்ல, கெடையாது, லேதுன்னு சொன்னேன்! நீ தெலுங்குல ‘இல்லே’ன்னு கேட்டுக்கினியா?”

தெலுங்கில் இல்லு என்றால் வீடு. இல்லே என்றால் வீடுதான். வீடு இல்லை என்று அந்தப் பெண் சொன்ன சொல், ஆமாம் வீடுதான் என்று போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்குத் தெலுங்கு நன்றாக வரும். பத்து வருஷமாக அதில்தான் படிக்கிறாள். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டால் வெட்கத்தில் வாய்க்குள்ளேயே பேசுவோம் இல்லையா? அப்போது வீட்டுப் பேச்சுதான் வரும். வீடு இல்லாவிட்டாலும் வீட்டுப் பேச்சு இருக்கிறது. அந்த வகுப்பில் மட்டும் இன்னும் சில தமிழ்ப் பிள்ளைகள் அதே மாதிரி “இல்லே” என்று சொல்லியிருந்தார்கள்.

சுரேந்திரா மறுபடி போனைத் திறந்தான். “இன்னிக்கே எல்லாத்தையும் திருத்திடறேன் சார்” என்றான். திருத்தினான். மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் அந்தத் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டு, எங்கே படுக்கிறார்கள், யாரோடு, எந்த மண்டபம், எந்த வாசல் வழியாக நுழைகிறார்கள் என்று குறிப்புப் பகுதியில் அத்தனையும் தட்டச்சு செய்தான். ஒன்று விட்டுப் போனது என்று இனி யாரும் சொல்லக் கூடாது என்கிற பதற்றம் அவனுக்கு.

புறப்படும்போது மோகனா என் பின்னாலேயே கேட் வரை வந்தாள். “சார், ஹாஸ்டல் எப்ப குடுப்பாங்கோ?”

“ஏம்மா, அவசரமா?”

“ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுக்கப் போறாங்கோ சார். அடுத்த மொட்ட என் மொற. போட்டோல மொட்டையா இருந்தா, நாளைக்கு எங்க வேலைக்குப் போனாலும் அதத்தானே காமிக்கணும்? எவனாவது கேப்பான், இன்னா வேண்டுதல்னு.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். “அம்மாகிட்ட இனிமே அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அப்படின்னா மூணு பேரும் ரோட்லதான்னு அம்மா சொல்லுது.”

அவளுக்கு வேண்டியது இதுதான். போட்டோ எடுக்கும்வரை தலையில் முடி. அதற்கு ஒரு கூரை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பெரிய சாரிடம் கொண்டுபோனோம். சுரேந்திரா நடந்ததைச் சொன்னான். அந்த “இல்லே” கதையைக் கேட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த மீட்டிங்கில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்த சந்தோஷம். சிரித்து முடித்துவிட்டு, “மண்டபத்துல படுக்கறாங்க இல்ல? அப்ப யாத்ரிகர்னு போடு” என்றார்.

“சார், பிள்ளைங்க இந்த ஊர் ஸ்கூல்ல படிக்குதுங்க” என்றேன்.

“யாத்ரிகர் எத்தன நாள் வேணா தங்கலாமே. உனக்கு இன்னா?”

“பத்து வருஷமா யாத்திரையா சார்?”

“நீ தண்ணி பாட்டில் வைக்க வந்தியா, பேச வந்தியா?” என்று கேட்டார். தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டேன். அப்புறமும் நின்றேன். சுரேந்திராவும் நின்றான். காண்டிராக்ட் பையன், மறுமாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவன், போகாமல் நின்றான். பெரிய சாருக்கு அது பிடிக்கவில்லை. “சரி, வெரிபிகேஷன் பண்ணிட்டு முடிவு பண்றேன். குறிப்பு எல்லாம் விவரமா எழுதியிருக்கே இல்ல? நல்லது” என்றார்.

அந்த ‘நல்லது’ எங்கே போய் நிற்கும் என்று எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் மோகனாவின் அம்மா ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டாள். அஞ்சலை. தோளில் நீளக் கழி, அதில் தொப்பிகள் குத்தித் தொங்குகின்றன. யார் என்று நான் கேட்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“எம் பொண்ணு வாயப் புடுங்கி எழுதிக்கினு பூட்டீங்களே, நல்லா இருப்பீங்களாய்யா? ஜீப்பு வந்துச்சு நேத்து சாயந்திரம். எந்த வாசல், எந்த மூலன்னு கையில வச்சிக்கினு வர்றாங்கோ. இத்தினி நாளு வாட்ச்மேனு தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தான், அவனுக்கும் பிள்ளைங்க இருக்குது. உங்க ஜீப்பு வந்து நின்னா அவன் இன்னா பண்ணுவான்? மூட்டையோட எல்லாரையும் வெளிய தள்ளிட்டான். எங்கள மட்டும் இல்ல, அந்த மூலையில இருந்த எல்லா குடும்பத்தையும். சோறு கட்டி வச்சிருந்தேன், துன்னக்கூட விடல.”

சுரேந்திராவுக்குத் தமிழ் புரியாது. இந்த முறை முழுவதும் புரிந்தது. அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“பொண்ணு எங்கம்மா?” என்றேன்.

“எதுக்கு? இன்னும் எழுதணுமா?” என்று கேட்டுவிட்டு அஞ்சலை கழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கே அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள் என்று பிறகு தெரிந்தது.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியது ஒன்றே ஒன்று இருந்தால் அது இதுதான். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று எழுதுங்கள். எங்கே படுக்கிறது என்று ஒருபோதும் எழுதாதீர்கள். போனில் அதற்குக் கட்டம் இருக்கும், நிரப்பச் சொல்லும். பள்ளிக்கூடத்தின் பெயரையே அதிலும் போடுங்கள். படுக்கிற இடம் அந்தப் பிள்ளையிடம் இருக்கிற கடைசிச் சொத்து. அதைக் காட்டிக்கொடுக்க நமக்குச் சம்பளம் தரவில்லை. இது என் யோசனை இல்லை. படியில் உட்கார்ந்த சுரேந்திரா அன்று மத்தியானம் எழுந்து பெரிய சாரிடம் போய்ச் சொன்னது: “மேப்புல வட்டம் ஸ்கூலுக்குத்தான் சார் போட்டிருக்கு, மண்டபத்துக்கு இல்ல. இனிமே நான் ஸ்கூல் மட்டும்தான் எழுதுவேன். வேணாம்னா என்னை எடுத்துருங்க.” எடுக்கவில்லை. அவன் ஒருத்தன்தான் அந்த போன் ஆப்பை ஒழுங்காக இயக்கத் தெரிந்தவன்.

அப்புறம் பெரிய சார் சொன்னதையும் கேளுங்கள். இரண்டு நாள் கழித்து, அந்தக் குடும்பம் காணிப்பாக்கம் போய்விட்டதாகப் பக்கத்துத் தொப்பிக்காரர்கள் சொன்னார்கள். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “காணிப்பாக்கம் சித்தூர் ஜில்லா ஆச்சே. ஜில்லா தாண்டிட்டா நம்ம கணக்குல வராது. அந்த ஸ்கூல் வட்டம் மறுபடி சுழியம்தான்.”

இந்தக் கையால் அவருக்கு எத்தனை வருஷம் டீ கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு டீ வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரும் போட்டோவும் அன்று மாலைக்குள் ஏற்றியாக வேண்டும். மோகனாவின் கட்டம் மட்டும் காலி.

“நாளைக்கு வரைக்கும் நிறுத்தி வைக்க முடியுமா மேடம்?” என்று கேட்டேன்.

“நிறுத்தியாச்சு. காலையிலேயே ஆபீசுக்குப் போன் பண்ணி சர்வர் டவுன்னு சொல்லிட்டேன்.”

“அவங்க நம்பினாங்களா?”

“அவங்க எங்களுக்குச் சொல்ற பதில்தானே. நம்பாம என்ன பண்ணுவாங்க? போய்க் கூட்டிக்கிட்டு வாங்க.”

சுரேந்திராவின் பைக்கில் போனோம். காணிப்பாக்கம் கோயில் தெருவில் அஞ்சலையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தொப்பிக் கழி தூரத்திலிருந்தே தெரிந்தது. சின்னப் பெண் கீழே உட்கார்ந்து தொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தலை அன்று காலைதான் மழித்தது, சந்தனம் காயவில்லை. பக்கத்தில் மோகனா. தலையில் முடி ஒரு விரல்கடை வளர்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கையை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டாள், யாரோ பிடுங்க வந்ததுபோல.

“வந்துட்டாங்கடி மகராசனுங்க” என்றாள் அஞ்சலை. “இந்த ஊரு மண்டபத்தையும் மூட வந்தீங்களா?”

“போட்டோ எடுக்கணும்மா. நாளைக்குக் கடைசி” என்றேன்.

“நாளைக்கு அவளுக்கு மொட்ட. இங்க வாட்ச்மேனு ஒரு தலைக்கு ஒத்துக்க மாட்டேன்றான். ரெண்டாவது தலை இருந்தா குடும்பம், உள்ள விடுவானாம்.”

“நான் அடிக்க மாட்டேன்” என்றாள் மோகனா.

“நீ அடிக்காத. உன் தங்கச்சி பனியில கெடக்கட்டும்.” அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். “சார், நீங்க சொல்லுங்கோ. இன்னிக்கு எங்களுக்கு ஒரு எடம் குடுக்கறீங்களா? குடுத்தா அவ முடிய நான் தொட மாட்டேன்.”

சுரேந்திரா வாயைத் திறந்தான். ஹாஸ்டல் நிச்சயம் என்று சொல்லப் போகிறான் என்று தெரிந்தது. அவன் தோளில் கை வைத்து அழுத்தினேன். நம்மிடம் இல்லாததைக் கொடுப்பதாகச் சொல்லக் கூடாது. அந்தத் தாய்க்கு ஏற்கெனவே எல்லாரும் அதைத்தான் கொடுத்திருந்தார்கள்.

“குடுக்க முடியாதும்மா” என்றேன். “எங்கிட்ட எடம் இல்ல. ஹாஸ்டல் கெடைக்குமான்னும் தெரியாது. போட்டோ எடுக்கறது மட்டும் நிச்சயம்.”

“அப்ப இன்னாத்துக்கு வந்தே?”

நின்றுகொண்டிருந்தேன். தெருவில் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் குழந்தைக்குத் தொப்பி கேட்டு வந்தார். அஞ்சலை பேரம் பேசி விற்றாள். விற்றுவிட்டுத் திரும்பி, என்னைப் பார்க்காமல், சின்னவளைப் பார்த்துச் சொன்னாள்: “நான் அடிச்சிக்கறேன். எனக்கும் தலை இருக்குது இல்ல.”

மோகனா, “அம்மா” என்றாள்.

“இன்னா அம்மா? தொப்பி விக்கறவ போட்டுக் காமிச்சா வியாபாரம் நல்லா ஓடும். போ, சட்டுனு போ. போட்டோவுல சிரிக்காத, பல்லு தெரியும்.”

மறுநாள் போட்டோ எடுத்தார்கள். மேடம் தன் கையால் அந்த விரல்கடை முடியில் எண்ணெய் தடவி வகிடு எடுத்தார். வகிடு எடுக்கிற அளவுக்கு அதில் முடி இல்லை. ஆனாலும் எடுத்தார். ஹாஸ்டல் கிடைக்கும்வரை தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெரிய மனுஷி.

ஆனால் என் கோபத்தை அத்தோடு தீரவிடவில்லை நம் ஆபீஸ். மோகனாவின் பெயரை ஹாஸ்டலுக்கு எழுதி அனுப்பினோம். அனுப்பியது திரும்பி வந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மாணவி தலைமை ஆசிரியையின் வீட்டில் தங்கியிருப்பதால் வீடு உள்ளவர். ஒருத்தர் இரக்கப்பட்டு ஒரு பாய் போட்டுக் கொடுத்தார். அந்தப் பாயைக் காட்டி அந்தப் பிள்ளையின் பெயரை அடித்துவிட்டார்கள். மண்டபத்தில் படுத்தால் யாத்ரிகர். ஜில்லா தாண்டினால் கணக்கில் இல்லை. மேடம் வீட்டில் படுத்தால் வீடு உள்ளவர். எங்கே படுத்தால் சார் அந்தப் பெண்ணுக்கு வீடில்லை? ரோட்டில் படுத்துச் செத்தால்தான் நம்புவீர்களா? இதைப் பெரிய சாரிடம் கத்திக் கேட்டேன். அலுவலகமே கேட்டது. அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் யாரிடமும் கத்தவில்லை. மோகனாவைக் கையோடு கூட்டிக்கொண்டு ஹாஸ்டல் சேர்க்கை நடக்கும் அறைக்கே வந்துவிட்டார். எங்களையும் வரச் சொன்னார். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு கிளார்க். பேப்பரைப் புரட்டிவிட்டு, நிமிராமல், தெலுங்கில் கேட்டார். அதே கேள்வி. வார்த்தைகூட மாறவில்லை.

“உண்டேதி இல்லேனா?”

நான் தமிழில் எதையோ சொல்லித் தர வாயெடுத்தேன். மோகனா எங்கள் பக்கமே திரும்பவில்லை. துப்பட்டாவைத் தலையில் இருந்து எடுத்துத் தோளில் போட்டாள். சுத்தமான தெலுங்கில், அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“அதி மேடம்காரி இல்லு. நாக்கு இல்லு லேது. ராஸுகோண்டி.”

அது மேடம் வீடு. எனக்கு வீடு இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

கிளார்க் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. “மா அம்மக்கு லேது, மா செல்லிக்கி லேது. அதி கூட ராஸுகோண்டி” என்றாள். அம்மாவுக்கும் இல்லை, தங்கைக்கும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவையும் தங்கையையும் எழுத அந்தப் பேப்பரில் இடம் இல்லை. அவளை மட்டும் எழுதினார்.

ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. சுவர் மேப்பில் அந்தப் பள்ளி வட்டத்துக்குள் இருந்த சுழியத்தை அழித்துவிட்டு ஒன்று என்று எழுதினார்கள். ஊர் முழுவதற்கும் அந்த ஒன்றுதான். பெரிய சார் அதற்கு முன்னாலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த மேப்பை உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். அந்த ஒன்றைக் காட்டி, முதல் வருஷம் எவ்வளவு நன்றாக வேலை நடந்தது என்று சொல்லியிருப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் சொல்வது விளங்க வேண்டும் என்றுதான் உங்களைப் பொறுக்கி எடுத்தோம் என்றும் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். சரிதான், விளங்கட்டும்.

ஆனால் மோகனாவின் வகுப்பில் அன்றைக்கு இன்னும் சில பிள்ளைகள் “இல்லே” என்று சொன்னார்கள் என்று எழுதினேன் அல்லவா? அவர்கள் குடும்பங்களும் அந்த மண்டபத்து மூலையில்தான் இருந்தன. ஜீப் வந்த சாயந்திரத்துக்குப் பிறகு அவர்கள் பள்ளிக்கு வரவில்லை. எந்த ஊருக்குப் போனார்கள், படிக்கிறார்களா, யார் தலையை மழித்துக்கொண்டு எந்த வாசலில் நிற்கிறார்கள் என்று இன்றுவரை அந்த ஆபீஸில் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன், ரிட்டயர்மெண்ட் மாலையைப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

நாளைக்குக் காலையில் அந்தப் பெரிய அறைக்குள் போகும்போது தண்ணீர் பாட்டிலை எங்கே வைப்பது என்று யோசிக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் எங்கே என்று முதலில் கேளுங்கள்.